எந்த ஐபியை மாற்ற வேண்டும்?

வீட்டு நெட்டுக்கு ஐபி, அதாவது இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண் முகவரி, மாற்றுவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் ஒன்றுதான்: ரவுட்டரை ஆஃப் பண்ணி, கொஞ்ச நேரம் விட்டு, ஆன் பண்ணு. இந்தப் பதில் ஒரு காலத்தில் முழுக்கச் சரியாக இருந்தது. இன்றைக்கு நம்மூரில் பல வீடுகளில் அப்படிச் செய்தால் நெட் சில நிமிடம் போய்த் திரும்ப வரும். மாற வேண்டிய முகவரி மட்டும் மாறாது.

ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைக்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும், சொந்தக்காரர்கள் வீடுகளிலும் நெட் கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். வேகம் வரவில்லை, வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்ற வழக்கமான புகார்களுக்கு நடுவே இப்போது "ஐபி மாத்தணும்" என்ற கோரிக்கையும் அடிக்கடி வருகிறது. கேட்கிறவர்களின் தேவை ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்கு ஒரு தளம் திறக்கவில்லை, இன்னொருவருக்குப் பயம், மற்றொருவருக்கு ஊரிலிருக்கும் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும். எல்லோருக்கும் நான் முதலில் காட்டுவது ஒரே விஷயத்தைத்தான்: அவர்கள் மாற்ற நினைக்கும் முகவரி அவர்கள் வீட்டிலேயே இல்லை.

பழைய கதையிலிருந்து வருகிறேன். 2005இல் பிஎஸ்என்எல் டேட்டாஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் கொண்டுவந்தபோது நெட் வந்தது டெலிபோன் கம்பியில். மோடத்தை ஆன் செய்தால் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி நிலைக்கும். அப்புறம் மோடம் நம் யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அனுப்பி, அந்தப் பக்கமிருக்கும் சர்வருடன் புதிதாக ஒரு தொடர்பைத் தொடங்கும். பிபிபிஓஇ என்று மோடம் செட்டிங்கில் தெரிவது இதுதான். சர்வர் தன் கையிருப்பில் காலியாக இருக்கும் முகவரி ஒன்றை எடுத்துக் கொடுக்கும். மோடத்தை அணைத்தால் அந்த முகவரி கையிருப்புக்குத் திரும்பிப் போய்விடும், அடுத்த முறை பெரும்பாலும் வேறொன்று கிடைக்கும். கிடைப்பது உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத, நேரடியான முகவரி. தொடர்பு இருக்கும் வரை அது முழுக்க முழுக்க நம் வீட்டினுடையது.

அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்தவர்களுக்கு ராபிட்ஷேர் ஞாபகம் இருக்கும். காசு கட்டாதவர்கள் ஒரு கோப்பை இறக்கிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அந்தத் தளம் ஆளை அடையாளம் கண்டது ஐபியை வைத்துத்தான். அதனால் மோடத்தை அணைத்துப் போட்டால் காத்திருக்க வேண்டாம். இரவு இரண்டு மணி முதல் காலை எட்டு மணி வரை அளவில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்ற ப்ளான் போட்டிருந்த வீடுகளில், அலாரம் வைத்து எழுந்து மோடத்தை அணைத்து அணைத்துப் போட்ட பையன்கள் ஏராளம். 'ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு' என்ற அறிவுரை அங்கிருந்து வந்தது. அறிவுரை தங்கிவிட்டது, அதற்கு அடியிலிருந்த ஏற்பாடு மாறிவிட்டது.

எதிர்வீட்டுப் பையன் ஒருவனுடைய விவகாரத்தைச் சொன்னால் இது தெளிவாகும். கல்லூரி இறுதியாண்டு, வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தான். விண்ணப்பம் அனுப்ப வேண்டிய தளம் உள்ளேயே விடவில்லை. கூகுளில் எதைத் தேடினாலும், உங்கள் நெட்வொர்க்கிலிருந்து வழக்கத்துக்கு மாறான போக்குவரத்து வருகிறது என்று சொல்லி, பஸ் இருக்கும் படங்களைத் தேர்ந்தெடு, சிக்னல் விளக்கு இருக்கும் படங்களைத் தேர்ந்தெடு என்று படுத்தியது. "அண்ணே, நம்ம ஐபிய பிளாக் பண்ணிட்டானுவ. ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்துட்டேன், அப்படியேதான் இருக்கு" என்றான். கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. முகம் வாடிப்போயிருந்தது.

முதலில் அவன் போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் அதே தளத்தைத் திறக்கச் சொன்னேன். உடனே திறந்தது. ஆக, தளத்திலோ அவன் கணக்கிலோ கோளாறு இல்லை, வீட்டு நெட்டின் முகவரிமேல்தான் அந்தத் தளத்துக்குச் சந்தேகம். விண்ணப்பத்தை மொபைல் டேட்டாவிலேயே அனுப்பி முடிக்கச் சொன்னேன். ஐபி மாற்ற வேண்டும் என்று யார் கேட்டாலும் இந்தச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள். அவசரத்துக்கு இதுவே தீர்வும்கூட.

பிறகு ரவுட்டரைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் உள்ள பாஸ்வேர்டைப் பார்த்து, பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனோம். ஸ்டேட்டஸ் பக்கத்தில் ரவுட்டரின் வெளிப்பக்க ஐபி இருக்கும். அது 100.81 என்று தொடங்கியது. அடுத்த டேபில் கூகுளைத் திறந்து 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஒன்றுக்குப் போனோம். அங்கே காட்டிய முகவரி 103 என்று தொடங்கியது. இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு ரவுட்டரை அணைத்துப் போட்டோம். திரும்பி வந்தபோது 100.81 இருந்த இடத்தில் 100.93 என்று வேறொரு முகவரி. 103 என்று தொடங்கியது ஓர் எண்கூட மாறாமல் அப்படியே இருந்தது.

அவன் செய்ததில் தவறே இல்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டபோதெல்லாம் ஐபி மாறத்தான் செய்திருக்கிறது. ஆனால் மாறிய ஐபியை அந்தத் தளம் பார்க்கவே இல்லை.

வீட்டில் இப்போது மூன்று அடுக்கு முகவரிகள் இருக்கின்றன. போனுக்கும் லேப்டாப்புக்கும் ரவுட்டர் கொடுக்கும் 192.168 வகை முகவரி ஒன்று. இது எல்லார் வீட்டிலும் இதேதான், வாசலைத் தாண்டினால் செல்லாது. கம்ப்யூட்டரில் ஐபிகான்ஃபிக் கட்டளையை ரிலீஸ், ரினியூ என்று அடிக்கச் சொல்லும் வீடியோக்கள் தொடுவது இந்த அடுக்கை மட்டும்தான். அடுத்தது, ரவுட்டருக்கு நெட் கம்பெனி கொடுக்கும் முகவரி. அது 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், அதுவும் உலகத்துக்குத் தெரியாத உள்முகவரிதான். சுமார் 42 லட்சம் முகவரிகள் கொண்ட அந்தத் தொகுப்பை 2012 ஏப்ரலில் இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். எந்த நெட் கம்பெனியும் தன் வாடிக்கையாளர்களுக்கு அதைக் கொடுத்துக்கொள்ளலாம், பக்கத்துக் கம்பெனியும் அதையே கொடுக்கலாம். சில கம்பெனிகள் 10 என்று தொடங்கும் முகவரிகளையும் இதற்குப் பயன்படுத்துகின்றன. மூன்றாவதுதான் உலகம் பார்க்கும் முகவரி. அது கம்பெனியின் பெரிய இயந்திரத்தில் இருக்கிறது. பல வீடுகளின் போக்குவரத்தை ஒரே முகவரியில் வெளியே அனுப்பி, திரும்பி வருவதைப் பிரித்துக் கொடுக்கும் அந்த ஏற்பாட்டுக்கு சிஜிநாட் என்று பெயர்.

எங்கள் ஊர்ப்பக்கம் வளவு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே போனால் வரிசையாகக் குடும்பங்கள். உள்ளேயிருந்து யார் வேண்டுமானாலும் வெளியே போய்வரலாம். வெளியூரிலிருந்து ஒருவர் வாசல் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு வந்து நின்றால் எந்தக் குடும்பத்தைத் தேடி வந்தார் என்று தெரியாது. வளவுக்குள் ஒரு வீட்டில் தகராறு என்றால் தெருவில் கெட்டுப்போவது வளவின் பெயர்.

எத்தனை வீடுகள் ஒரு முகவரியைப் பகிர்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு ஐபி முகவரிக்கு 65,536 போர்ட்கள், அதாவது ஒவ்வொரு தொடர்புக்கும் தரும் கதவு எண்கள். நாம் ஒரு பக்கத்தைத் திறக்கும்போதும், போன் பின்னணியில் வாட்ஸ்அப்புடன் பேசும்போதும் போர்ட்கள் செலவாகின்றன. வீட்டுக்கு ஆயிரம் போர்ட் என்று கம்பெனி பிரித்தால் அறுபது வீடுகளுக்கு மேல் ஒரு முகவரியில் அடைத்துவிடலாம். அதில் ஏதாவது ஒரு வீட்டில் மலிவான ஆண்ட்ராய்டு டிவி பெட்டி ஒன்றில் வைரஸ் புகுந்து ஊரெல்லாம் ஸ்பாம் அனுப்பினால் போதும். மற்ற வீடுகள் எல்லாம் பஸ் படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எதிர்வீட்டுப் பையனின் வேலை விண்ணப்பத்தைத் தடுத்து நிறுத்தியது அநேகமாக அவன் முகமே பார்த்திராத யாரோ ஒருவர் வீட்டின் போக்குவரத்து.

இதற்காக நெட் கம்பெனிமேல், குறிப்பாகச் சின்ன ஊர்களில் கேபிள் டிவியிலிருந்து நெட்டுக்கு வந்தவர்கள்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் கொடுப்பதற்கு முகவரி இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் ஐபிவி4 முகவரி 32 பிட் நீளம். மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் சாத்தியம். 1981 செப்டம்பரில் இதன் விதிகள் வெளியானபோது, 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் இதற்கு மாறியபோது, அந்த எண்ணிக்கை யாருக்கும் குறைவாகத் தோன்றியிருக்காது. அதனால் ஆரம்பத்தில் அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு 18 என்று தொடங்கும் முகவரிகள் அத்தனையும். ஃபோர்டு கார் கம்பெனிக்கு 19 என்று தொடங்குபவை. ஆப்பிளுக்கு 17. ஒவ்வொன்றும் ஒரு கோடியே 67 லட்சம் முகவரிகள்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15. வீடுகளுக்கு ஃபைபர் பரவலாக வரத் தொடங்கியபோது பந்தி முடிந்துவிட்டிருந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பின் கடைசி ஐந்து தொகுப்புகளை முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்கும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துக் கணக்கை மூடினார்கள். ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுப்பைத் தொட்டுவிட்டது. அந்தக் கடைசித் தொகுப்புதான் 103 என்று தொடங்குவது. அதிலிருந்து ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 1,024 முகவரிகள் மட்டும் என்று விதி வைத்தார்கள். 2019இல் அதையும் 512ஆகக் குறைத்தார்கள். எதிர்வீட்டுப் பையனுக்குத் தெரிந்த 103 இந்த அடிப்பானைச் சோறுதான்.

ஒரு பக்கம், பல ஆயிரம் வீடுகளுக்கு நெட் கொடுக்கும் மாவட்ட அளவிலான கம்பெனிக்கு ஆயிரம் முகவரி. இன்னொரு பக்கம், வேண்டியதற்குமேல் வைத்திருந்தவர்கள் விற்றுக் காசு பார்த்தார்கள். திவாலான நார்டெல் கம்பெனியின் 6,66,624 முகவரிகளை 2011இல் மைக்ரோசாஃப்ட் 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. எம்ஐடி தன் தொகுப்பில் பாதியை 2017இல் விற்றது, அமேசானுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. அந்த அமேசான் 2024 பிப்ரவரி முதல் தன் கிளவுட் வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறது. முதலில் வந்தவர்களுக்குச் சும்மா கிடைத்தது, தாமதமாக வந்த நாடுகளின் வீடுகளுக்குப் பங்குகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

சரி, பையனின் பிரச்சினைக்கு வருவோம். கஸ்டமர் கேரில் ரவுட்டரை ரீஸ்டார்ட் பண்ணுங்க சார் என்றுதான் சொன்னார்கள். நான் லைன் பார்க்க வரும் தம்பியைக் கூப்பிட்டு, தாளில் எழுதிவைத்த முகவரிகளைக் காட்டினேன். "தம்பி, உள்ள இருக்குற நூறு மாறுது, வெளிய இருக்குற நூத்திமூணு மாறல. அத மாத்துனாத்தான் இவனுக்கு விடியும்" என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டு அலுவலகத்தில் யாரிடமோ பேசினார். அன்று சாயங்காலமே வேறொரு வெளிமுகவரிக்கு மாற்றிவிட்டார்கள். ஐபி மாற்றித் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்டால் கிடைக்காத பதில், எந்த ஐபி என்று சுட்டிக் காட்டினால் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் இந்தச் சிக்கல் வந்தால் இரண்டு முகவரிகளையும் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள்.

வெளிப்பக்க ஐபியும் உலகம் பார்க்கும் ஐபியும் ஒன்றாகவே இருக்கிற வீடுகளும் இருக்கின்றன. அப்படி இருந்தால் உங்களிடம் நிஜமான பொது முகவரி இருக்கிறது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிபிபிஓஇ இணைப்பு என்றால் அணைத்துப் போட்டால் பெரும்பாலும் மாறும். டிஎச்சிபி என்றால் கதை வேறு. அதில் முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். குத்தகையில் பாதி ஓடியதுமே ரவுட்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். ஐந்து நிமிடம் அணைத்துவைத்தால் திரும்ப அதே முகவரிதான் வரும், ஏனென்றால் ரவுட்டரின் மேக் முகவரியை, அதாவது தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த அடையாள எண்ணைப் பார்த்து சர்வர் பழைய ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. ரவுட்டரில் மேக் முகவரியை மாற்றிவிட்டால் புது ஆள் என்று நினைத்துப் புது ஐபி கொடுக்கும் என்பார்கள். கொள்கையளவில் உண்மை. ஆனால் நம்மூரில் பல கம்பெனிகள் கணக்கை மேக் முகவரியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கின்றன. மாற்றினால் ஐபி மாறாது, நெட்டே நின்றுவிடும். வேலை நாளில் இதை முயற்சி செய்யாதீர்கள்.

வீட்டுக்குள்ளிருக்கும் ஐபியை மாற்ற வேண்டிய ஒரு சந்தர்ப்பமும் உண்டு. ஃபைபர் வந்து சேரும், கம்பெனி கொடுத்த ஓஎன்டி பெட்டியும் நாம் கடையில் வாங்கிப் போட்ட ரவுட்டரும் இரண்டுமே 192.168.1.1 என்று இருந்தால் ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளும். நம் ரவுட்டரை 192.168.50.1 என்று ஏதாவது வேறு எண்ணுக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

அப்புறம் பயம். ஆன்லைன் விளையாட்டில் சண்டை போட்ட யாரோ ஒருவன், உன் ஐபி எனக்குத் தெரியும், வீட்டைக் கண்டுபிடித்து வருவேன் என்று மிரட்டியதாகச் சொல்லி, ஒன்பதாவது படிக்கும் பையனையும் அழைத்துக்கொண்டு அவன் அம்மா வந்திருந்தார். "அண்ணாச்சி, இன்னைக்கே ஐபிய மாத்திரணும்" என்றார். என் போனில் அவர்கள் வீட்டு நெட்டின் ஐபி முகவரியை, ஐபியை வைத்து இடம் காட்டும் தளத்தில் போட்டுக் காட்டினேன். சென்னை என்று வந்தது. நாங்கள் இருந்தது பாளையங்கோட்டை வடக்குப் பக்கம். ஐபியை வைத்து வெளியாள் அறியக்கூடியது நெட் கம்பெனியின் பெயரும், தோராயமாக ஒரு நகரமும்தான், அந்த நகரமும் பல சமயம் தவறு. அந்த அம்மாவின் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். மிரட்டிய செய்தியை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன், தொடர்ந்தால் சைபர் கிரைமில் கொடுக்கலாம் என்றேன்.

எந்த வீடு என்று சொல்ல முடிந்தவர்கள் கம்பெனிக்காரர்கள் மட்டும்தான். எந்த நேரத்தில் எந்த முகவரியில் எந்த வாடிக்கையாளர் இருந்தார் என்ற பதிவைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தியது. சட்டப்படி கேட்டால் கொடுப்பார்கள். ஆகவே ஐபியை மாற்றிவிட்டால் பழைய தடம் அழிந்துவிடும் என்று நினைப்பது வீண். விபிஎன், அதாவது நம் போக்குவரத்தை வேறொருவரின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை, போட்டால் உலகம் பார்க்கும் முகவரி மாறும், ஆனால் நம்பிக்கை வைக்க வேண்டிய ஆள் கம்பெனியிலிருந்து விபிஎன் நடத்துபவருக்கு மாறுகிறார். வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டதும் பெரிய விபிஎன் கம்பெனிகள் சில இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. இலவச விபிஎன் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன்: உங்கள் வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது கேமரா விவகாரம். என் பெரியம்மா ஊரில் தனியாக இருக்கிறார். அக்கா சென்னையில். வாசலிலும் கொல்லையிலும் கேமரா வைத்து, படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியையும் நெட்டில் இணைத்தாகிவிட்டது. வெளியிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். பழைய டேட்டாஒன் காலமாக இருந்தால் ரவுட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்து, மாறும் ஐபியைத் துரத்திப் பிடிக்க டைனமிக் டிஎன்எஸ்ஸில் (பெயரைக் கேட்டால் அதன் அப்போதைய ஐபியைச் சொல்லும் சேவையில்) ஒரு பெயர் வாங்கினால் போதும். சிஜிநாட்டுக்குப் பின்னால் அது நடக்காது. வாசல் கதவு கம்பெனியின் இயந்திரத்தில் இருக்கிறது, நம் வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் அதுவரை யாரும் வந்து சேர முடியாது.

கேமரா விற்றவர் இதற்கு ஓர் ஆப் கொடுத்தார். கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் படம் வந்துவிடுகிறது. எப்படி வருகிறது என்றால், டிவிஆர் உள்ளேயிருந்து கிளம்பிக் கேமரா தயாரித்த கம்பெனியின் சர்வருக்குப் போய்க் காத்திருக்கிறது, அக்காவின் போனும் அங்கே போகிறது, இரண்டையும் அந்த சர்வர் சேர்த்துவைக்கிறது. நேரடியாக இணைக்க முடியாதபோது படமே அந்த சர்வர் வழியாக ஓடும். பெரியம்மா கொல்லையில் துணி உலர்த்துவதைப் பார்க்க, எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு சர்வரின் தயவு வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பெனி நாளைக்குக் கடையை மூடினால் கேமரா வெறும் கண்ணாடி. வீட்டுக்கென்று ஒரு முகவரி இல்லாமல் போனதன் விலை இதுதான் என்று நினைக்கிறேன். நம்மால் போய் எடுக்க மட்டும்தான் முடியும், நம்மிடம் யாரும் நேராக வர முடியாது.

இதற்கு ஒரு வழி ஸ்டேட்டிக் ஐபி, அதாவது மாறாத பொது முகவரி ஒன்றை வாங்குவது. பல கம்பெனிகள் தனிக் கட்டணத்துக்குக் கொடுக்கின்றன, ஆவணங்கள் கேட்பார்கள். வாங்கினால் டிவிஆரின் போர்ட்டை அப்படியே உலகத்துக்குத் திறந்துவைக்காதீர்கள். 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கி அமெரிக்காவில் பெரிய தளங்களை முடக்கிய மிராய் என்ற வைரஸ் பிடித்த கருவிகளின் படையில் இருந்தவை பெரும்பாலும் இத்தகைய கேமராக்களும் டிவிஆர்களும்தான், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாதவை. வீட்டில் வயர்கார்டு போன்ற சொந்த விபிஎன் ஒன்றை, அதாவது நமக்கு மட்டும் திறக்கும் மறைபாதை ஒன்றை, ஒரு சின்னப் பெட்டியில் ஓடவிட்டு, அதன் வழியாக மட்டும் டிவிஆரை அணுகுவது நல்லது.

இன்னொரு வழி ஐபிவி6. 128 பிட் முகவரி, பற்றாக்குறை என்ற பேச்சே கிடையாது. இதில் இந்தியா பின்தங்கியும் இல்லை. 2016இல் ஜியோ தொடங்கியதிலிருந்து மொபைலில் ஐபிவி6 இங்கே வேகமாகப் பரவி, உலகத்திலேயே அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றாக இருக்கிறோம். பின்தங்கியது வீட்டு இணைப்புகள்தான். 2022 டிசம்பர் 31க்குப் பிறகு கொடுக்கும் புதிய கம்பி இணைப்புகள் எல்லாம் ஐபிவி6 தாங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 நவம்பரில் சொன்னது. கம்பெனி தயாராக இருந்தும், வீட்டிலிருக்கும் பெட்டியில் அந்த ஆப்ஷன் அணைந்தே கிடப்பதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். ரவுட்டரில் ஐபிவி6 என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள், அணைந்திருந்தால் லைன்மேனிடம் கேளுங்கள். வந்துவிட்டால் 2 என்று தொடங்கி நடுநடுவே முக்காற்புள்ளி போட்ட நீளமான முகவரி ஒன்று வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

ஐபி மாற்றுவது என்ற கேள்வியே இங்கே உருமாறிவிடுகிறது. முகவரியின் முன்பாதி வீட்டுக்குரியது, பின்பாதி கருவிக்குரியது. தனியுரிமைக்காகப் போனும் லேப்டாப்பும் வெளியே பேசும்போது பின்பாதியைத் தாமாகவே, வழக்கமாக நாளுக்கு ஒருமுறை, மாற்றிக்கொள்கின்றன. முன்பாதியைக் கம்பெனி மாற்றினால்தான் உண்டு.

பெரியம்மா வீட்டில் இதைத்தான் செய்திருக்கிறோம். லைன்மேன் ஓஎன்டியில் ஐபிவி6ஐ எழுப்பிவிட்டார். கையளவு கம்ப்யூட்டரான ராஸ்பெர்ரி பை ஒன்றில் வயர்கார்டு, ரவுட்டர் ஃபயர்வாலில் அதற்கு மட்டும் ஒரு போர்ட் திறப்பு, டைனமிக் டிஎன்எஸ்ஸில் ஒரு பெயர். அக்காவின் மொபைல் டேட்டாவில் ஐபிவி6 ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே போன் நேராக ஊர் வீட்டுக்குப் போகிறது, நடுவில் யாருடைய சர்வரிலும் படம் தங்குவதில்லை. கரண்ட் போய் வந்தால் முன்பாதி மாறிவிடுகிறது. பை எழுந்ததும் புது முகவரியை டிஎன்எஸ்ஸில் பதிந்துவிடும், அதுவரை சில நிமிடம் அக்கா காத்திருக்க வேண்டும். அவர் அலுவலக வைஃபையில் ஐபிவி6 கிடையாது. அங்கே இருக்கும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பார்க்கிறார்.